ஊட்டியின் உயரத்தில் தொடங்கும் மலைப்பாதை

கடல் மட்டத்திலிருந்து 7,400 அடி என்றால் நம் ஊர்க் கணக்கில் ஊட்டி வந்தாயிற்று. ஸ்வெட்டரை எடு, டீயைச் சொல்லு என்று அர்த்தம். அமெரிக்காவின் கொலராடோவில் அதே உயரத்தில் ஒரு கட்டணக் கூண்டை வைத்து, இனிமேல்தான் மலை ஆரம்பம் என்கிறார்கள். பைக்ஸ் பீக் என்று பெயர். உச்சி 14,115 அடி. நம் தொட்டபெட்டா 8,650 அடிச் சொச்சம்தான். அதன் தலையில் இன்னும் ஏறக்குறைய 5,460 அடியைத் தூக்கி வைத்தால் இந்த உச்சி வரும். அதுவரைக்கும் தார் ரோடு போட்டிருக்கிறார்கள், காரிலேயே போய் இறங்கி, டோனட் தின்றுவிட்டு வரலாம் என்று டென்வரில் வேலை பார்க்கிற அண்ணன் மகள் சொன்னபோது, பிள்ளை வெளையாடுது என்றுதான் நினைத்தேன்.

"நீங்களே ஓட்டுங்க சித்தப்பா. கொல்லிமலை ஓட்டுன கைதானே?"

கொல்லிமலை ஓட்டிய கைதான். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் திருப்பியிருக்கிறேன். ஆனால் அது கிளட்ச் வண்டி, இடது கைக்கு கியர். இங்கே எல்லாம் தலைகீழ். ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி போவது வலப்பக்கம், கியர் வலது கைக்கு. போதாக்குறைக்கு வாடகைக் கார் ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு ஜோலியே இல்லை. ஜோலி இல்லாத கால் சும்மா இருக்குமா? டென்வரிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸ் வரும் வழியெல்லாம் இல்லாத கிளட்ச்சைத் துழாவிக்கொண்டே வந்தது. "அந்தக் காலை ஓரமா மடக்கி வெச்சுக்குங்க" என்றாள். அது சரியான யோசனைதான். ஆட்டோமேட்டிக்கில் ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்கும் ஒரே வலது கால். இடது காலைப் பிரேக்குக்கு என்று ஒதுக்கினால், அது தன்னை அறியாமல் பெடல்மேல் படுத்துக்கொள்ளும். மலை முழுக்கப் பிரேக் உரசிக்கொண்டே வரும்.

நாமக்கல்லில் பிறந்தவனுக்கு லாரிக்காரன் பேச்சு காதில் விழாமல் இருக்காது. என் தாய்மாமன் லாரி ஓட்டியவர். மலைக்கு அவர் வைத்திருந்த பாடம் ஒரே வரி: "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்கு." தமிழ்நாட்டு மலைப்பாதை எதற்கும் இது பொருந்தும். அன்று காலை கூண்டுக்கு முன்னால் வரிசையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: இந்த வண்டி எந்த கியரில் ஏறப்போகிறது என்று அதற்கல்லவா தெரியும், எனக்கு எப்படித் தெரியும்?

கூண்டில் அகலத் தொப்பி வைத்த ரேஞ்சர் அம்மா. கோடையில் நேரம் குறித்து முன்பதிவு செய்துவிட்டுத்தான் வர வேண்டும், அதைப் பார்த்தார். பெட்ரோல் பாதி டாங்காவது இருக்கிறதா என்று கேட்டார். மேலே பங்க் கிடையாது. பிறகு ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து, இறங்கும்போது கீழ் கியரில் இறங்குங்கள், பாதி வழியில் உங்கள் பிரேக்கைச் சோதிப்போம் என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊர் அடிவாரத்தில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, விபூதி பூசி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்புவோம். பிரேக்குக்குப் பரீட்சை வைக்கிற மலையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மொத்தம் 19 மைல் ஏற்றம். முதல் சில மைல்களுக்கு இரண்டு பக்கமும் பைன் மரங்கள். கண்ணாடியை இறக்கியதும் வெயிலில் காய்ந்த பிசின் வாசனை குப்பென்று உள்ளே வந்தது. நடுநடுவே ஆஸ்பென் மரங்கள். வெள்ளைத் தண்டு, காற்று அவ்வளவாக இல்லாதபோதும் இலை மட்டும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒரு திருப்பத்தில் கிரிஸ்டல் கிரீக் நீர்த்தேக்கம், நீலமென்றால் அப்படியொரு நீலம். அதற்கு அக்கம்பக்கத்தில் 'பெரிய பாதக்காரன்' கடக்குமிடம் என்று ஒரு பலகை. அந்த ஊர்க் காட்டு மனிதனாம், உடம்பெல்லாம் முடியாம், பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். சிறுத்தை நடமாடும் பகுதி என்று பலகை பார்த்துப் பழகிய நமக்கு, பேய்க்கதைக்கு நெடுஞ்சாலைத்துறை பாணியில் பலகை வைப்பது புதுசு. இன்னொன்றும் புதுசு: ஹாரன். மலை முழுக்க ஒருவர்கூட அடிக்கவில்லை. 'ஒலி எழுப்பவும்' பார்த்து ஒவ்வொரு வளைவிலும் அழுத்திப் பழகிய என் கட்டைவிரல் தவித்துப்போனது.

வண்டி 'டி'யில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் செங்குத்தானதும் அதற்கு ஒரு தடுமாற்றம். உறுமும், கியரைக் குறைக்கும். சற்றே சமமானதும் கூட்டும். உடனே மூச்சு வாங்கி மறுபடி குறைக்கும். அண்ணன் மகள் லிவரைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். முகப்பில் 'எம்' என்று எழுத்தும் பக்கத்தில் '3' என்று எண்ணும் வந்தன. முன்னால் தள்ளினால் கூடும், பின்னால் இழுத்தால் குறையும். "இப்ப கியர் உங்க கையில. 2 வெச்சுப் பாருங்க." வைத்தேன். தடுமாற்றம் நின்றது, ஒரே சீராக ஏறியது. "அந்த எண்ணை மனசுல வெச்சுக்குங்க சித்தப்பா. அதான் உங்க மாமா சொன்ன கியர்."

கிளட்ச் இல்லாத வண்டிக்கும் மாமாவின் பாடம் செல்லுபடியாகிறது! வண்டி தானாக கியர் மாற்றும் என்பது சமவெளிக்குத்தான். மலையில் அந்தப் பொறுப்பில் பாதியை நாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லா வண்டியிலும் 'எம்' இருக்காது. சிலதில் 'எல்', சிலதில் '2', '1', சிலதில் 'எஸ்'. ஹைபிரிட் வண்டிகளில் 'பி' (B) என்று ஒன்று. எழுத்து எதுவானாலும் காரியம் ஒன்றுதான்: இறக்கத்தில் இன்ஜினைக் கொண்டே வண்டியைக் கட்டிப்போடுவது.

திடீரென்று முன்னால் வரிசையாகக் கார்கள் நின்றன. விபத்தோ என்று எட்டிப் பார்த்தால், கொழுகொழுவென்று ஒரு மார்மட், நம் கீரியைவிடப் பருத்த பிராணி, ரோட்டின் நடுவில் உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருக்கிறது. அத்தனை பேரும் அது முடிக்கும்வரை காத்திருந்தார்கள். நிற்பதோ நல்ல ஏற்றம். ஆட்டோமேட்டிக்கில் இங்கே ஒரு சபலம் வரும். பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்தால் வண்டி பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் அந்தரத்தில் நிற்கும். சொகுசாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரமெல்லாம் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கிற டார்க் கன்வர்ட்டருக்குள் எண்ணெய் கடையப்பட்டுச் சூடேறிக்கொண்டிருக்கும். நம் ஊரில் இப்போது நிறைய ஓடுகிற ஏ.எம்.டி. வண்டியில் அப்படி நிறுத்தினால் இன்னும் மோசம்; அதற்குள் இருப்பது கிளட்ச், கருகிவிடும். நிற்பதானால் பிரேக்கில் நிற்க வேண்டும், நேரமானால் ஹேண்ட்பிரேக்கைப் போட வேண்டும். மார்மட் சாவகாசமாக எழுந்து போனது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஓரிரு நொடி தானே பிடித்து நின்றது, பிறகு முன்னால் நகர்ந்தது. லாரியில் பின்சக்கரத்துக்குக் கட்டை போட ஒரு ஆள் இறங்கி ஓடுவாரே, அவர் வேலையை இதற்குள் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பார்க்கிறது.

கிளென் கோவ் என்ற இடத்தைத் தாண்டியதும் மரங்கள் ஒல்லியாகி, குட்டையாகி, ஓரிடத்தில் சுத்தமாக நின்றுவிட்டன. அதற்கு மேல் வெறும் இளஞ்சிவப்புப் பாறையும் தரையோடு ஒட்டிய புல்லும்தான். ஆங்கில எழுத்து 'டபிள்யூ'வை அடுக்கியது மாதிரி ரோடு மேலே மேலே மடிகிறது. பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே இல்லை. தார் முடிகிறது, ஒரு முழம் ஜல்லி, அப்புறம் வானம். வலப்பக்கம் ஓட்டுகிற ஊர் என்பதால், பள்ளம் வலப்பக்கம் வரும்போதெல்லாம் அது அண்ணன் மகளின் ஜன்னலுக்குக் கீழே வரும். அதுவரை நிற்காமல் பேசிக்கொண்டு வந்தவள் அந்த வளைவுகளில் மட்டும் கந்த சஷ்டி கவசத்துக்குப் போய்விட்டாள்.

இந்த ரோட்டை 1915-இல் திறந்தவர் ஸ்பென்சர் பென்ரோஸ் என்ற பணக்காரர். ரோட்டுக்கு விளம்பரம் வேண்டுமே என்று மறு வருஷமே இதில் கார் பந்தயம் வைத்தார். அது இன்றுவரை நடக்கிறது: 12.42 மைல், 156 திருப்பங்கள். 2018-இல் ரோமன் டுமாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மின்சாரக் காரில் 7 நிமிடம் 57 நொடியில் ஏறியிருக்கிறார். அதே தூரத்துக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் ஏறி, இறங்கி, குளித்து, சாப்பிட்டிருப்பார். ரோடு முழுக்கத் தார் கண்டது 2011-இல்தான். அதற்கு முன் மேல்பாதி வெறும் ஜல்லி. அந்த ஜல்லி மழையில் கரைந்து ஓடைகளைக் கெடுக்கிறது என்று சியர்ரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டதில் தார் வந்தது. அந்தப் புண்ணியவான்களை நான் வளைவுக்கு வளைவு நினைத்துக்கொண்டேன்.

'சாத்தானின் விளையாட்டுத் திடல்' என்று ஓரிடம். இடி மழையின்போது மின்னல் பாறைக்குப் பாறை தாவுமாம். படம் எடுக்க அங்கே நிறுத்தினோம். சரிவில் நிறுத்துவதற்கும் அண்ணன் மகள் ஒரு வரிசை வைத்திருந்தாள். பிரேக்கை மிதித்தபடியே முதலில் ஹேண்ட்பிரேக், அப்புறம் 'என்', காலை மெல்ல எடுத்து வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்காருகிறதா என்று பார்த்து, கடைசியாகத்தான் 'பி' (P). அவசரமாக 'பி' போட்டுக் காலை எடுத்தால், கியர்பெட்டிக்குள் பல்சக்கரத்தில் விழுகிற ஒரு சின்னக் கொக்கிதான் மொத்த வண்டியையும் தாங்கும். திரும்ப லிவரை எடுக்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும், அது அந்தக் கொக்கியின் அலறல். சக்கரத்தையும் பாறைப்பக்கம் திருப்பி வைத்தேன். உருண்டாலும் மலையில் முட்டி நிற்கட்டும். மற்ற திசையில் உருண்டால் வாடகைக் கம்பெனிக்குப் பதில் சொல்ல ஆளே இருக்காது.

உச்சி. கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. கீழே அரைக்கை சட்டை. இங்கே ஜூலை மாதத்தில் பாறை நிழலில் பனி கிடக்கிறது. நாலு எட்டு வேகமாக வைத்தேன், நெஞ்சு படபடத்தது. கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் சுமார் 60 சதவீதம்தான் இங்கே. நமக்கு மட்டுமா? டர்போ இல்லாத இன்ஜினுக்கும் அதே கதி. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும். உச்சியில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய தெம்புதான் மிச்சம். கடைசி மைல்களில் வண்டி ஏன் என் மாமியார் படி ஏறுவதுபோல் ஏறியது என்று அப்போதுதான் புரிந்தது. கிழக்கே சமவெளி, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மேடு இல்லை. மேற்கே பனி பூசிய சிகரங்கள், ஒன்றன் பின் ஒன்றாக. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, காது மரத்துப்போனது.

2021-இல் கட்டிய பார்வையாளர் கட்டடத்துக்குள் ஓடி டோனட் வாங்கினோம். தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற உயரம். அதனால் மாவுக்குத் தனிப் பக்குவமாம். கீழே எடுத்துப்போனால் சப்பிப்போய்விடும், இங்கேயே தின்றுவிட வேண்டும் என்கிறார்கள். எங்கள் கையில் இருந்தது கீழே போகும் வாய்ப்பே வரவில்லை.

ஏறுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, வித்தை இறங்குவதில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ வண்டி, உச்சியிலிருந்து கூண்டுவரை ஏறத்தாழ 2,050 மீட்டர் இறங்குகிறது. அதில் வெளிப்படுகிற ஆற்றல் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மின்சார வண்டியானால் அதில் பெரும்பங்கை பேட்டரியில் போட்டுக்கொள்ளும். பெட்ரோல் வண்டியில் அத்தனையும் வெப்பமாக எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால், நாலு சக்கரத்துக்குள் இருக்கிற இரும்புத் தட்டுகள்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அளவு மீறிச் சூடேறினால் பிரேக் கட்டையின் பிசின் புகையத் தொடங்கும், பிடிப்பு வழுக்கும். இன்னும் ஏறினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். பெடல் பொதபொதவென்று தரைவரை போகும், வண்டி நிற்காது.

கிளம்பும் முன்பே 'எம்' போட்டு 2 வைத்துக்கொண்டேன். சரிவு தொடங்கிய பிறகு, வேகம் ஏறிய பிறகு கியரைக் குறைக்கப் பார்த்தால், இன்ஜின் தாங்காது என்று வண்டியே மறுத்துவிடும். முதல் சரிவிலேயே இன்ஜின் ஊளையிட்டது. முள் 4,000-ஐத் தொட்டது. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை, ஆனால் சத்தம் மட்டும் பந்தயக் கார். வாடகை வண்டி வெடித்துவிடுமோ என்று அண்ணன் மகளைப் பார்த்தேன். "சிவப்புக் கோடு எங்க இருக்குதுன்னு பாருங்க, இன்னும் எவ்வளவோ தூரம். கத்தட்டும் விடுங்க. அது கத்துனா பிரேக் தூங்குதுன்னு அர்த்தம்." வளைவுகள் செங்குத்தாக வந்த இடத்தில் 1-க்குக் குறைத்தேன். வண்டி யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் அடங்கியது.

இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெட்ரோல் வீணாகிறது என்று நினைப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். நியூட்ரலில் விட்டு இறங்கினால் மிச்சம் என்று சத்தியம் செய்கிற டிரைவர்கள் எனக்கே தெரியும். உண்மை நேர் எதிர். கியரில் இருந்து, ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகின்றன. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும், அதோடு பிரேக்கைத் தவிர வண்டிக்கு இருந்த ஒரே கடிவாளமும் போய்விடும்.

அப்படியும் பிரேக் தேவைப்பட்டது. அதற்கும் முறை உண்டு. லேசாக மிதித்தபடியே மைல் கணக்கில் வரக் கூடாது. மிதித்தால் நறுக்கென்று மிதித்து வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். பிரேக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

கிளென் கோவ் நெருங்கும்போதே அந்த வாடை வந்துவிட்டது. சேலத்து லாரிப் பட்டறைகளில் அடிக்கிற அதே கருகல். என் வண்டியோ என்று வயிறு கலங்கியது. இல்லை, முன்னால் போன பெரிய வண்டி. ஏறக்குறைய 11,400 அடி உயரத்தில், ரோட்டின் நடுவில் ஒரு ரேஞ்சர் கையில் வெப்பமானித் துப்பாக்கியோடு நிற்கிறார். காய்ச்சல் பார்க்க நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே, அதன் அண்ணன். முன்சக்கரத்துக்குள் குறி வைக்கிறார், எண்ணைப் படிக்கிறார். 300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஓரம் கட்டி நிறுத்தி ஆறவிட்டுத்தான் போக வேண்டும். பெரிய வண்டிக்காரரை ஓரம் போகச் சொல்லிவிட்டார். அவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏற்கெனவே நின்றிருந்த நாலைந்து வண்டிகளோடு சேர்ந்துகொண்டார். சிலர் புல்வெளியில் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்திருந்தார்கள்.

என் முறை. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பிறகு ஓர் எண்ணுக்காக இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. துப்பாக்கியை நீட்டினார், திருப்பி எனக்கே காட்டினார்: 168. "எந்த கியர்?" என்றார். ஒன்றும் இரண்டும் என்றேன். கட்டைவிரலை உயர்த்தி, அப்படியே போங்கள் என்றார். எந்த ஊர் என்றும் கேட்டார். நாமக்கல் என்று சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

நம் மலைப்பாதைகளில் இந்தத் துப்பாக்கி ஆசாமி கிடையாது. கீழ் கியரில் செல்லவும் என்ற பலகை உண்டு. அது கிளட்ச் வண்டிக்குச் சொன்னது என்று ஆட்டோமேட்டிக்காரர்கள் கடந்துபோகிறார்கள். இந்த விடுமுறைக்கு ஊட்டிக்கோ கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ ஆட்டோமேட்டிக் வண்டியில் போகிறவர்கள், அடிவாரத்தில் எலுமிச்சம்பழம் வைக்க நிறுத்தும்போதே லிவரில் 'எல்', '2', 'எம்' எது இருக்கிறது என்று பார்த்து, சமதரையில் ஒருதரம் போட்டுப் பழகிவிட்டு ஏறுங்கள். இறங்கும்போது கருகல் வாடை வந்தால் தயங்காமல் ஓரம் கட்டுங்கள். சூட்டைத் தணிக்கச் சக்கரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், காய்ந்த இரும்பு கோணிவிடும், விரிசலும் விடும். அரை மணி நேரம் நின்று ஒரு டீ குடித்தால் தானாக ஆறிவிடும்.